திரளாத துளி

யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு ஒழுங்கைக்குள் டொக்டர் குணலட்சுமி சிறியதொரு பிள்ளைப்பேற்று மனை நடத்தி வந்தார். பத்துக் கட்டில்கள், ஒரு சத்திரசிகிச்சை அறை, பின்பக்கம் ஒரு லாப். நான் அங்கே மருந்து கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். லாப் முழுவதும் தேவகுமாரி அக்காவின் பொறுப்பு.

சிறுநீர்ப் போத்தலைக் கொடுத்துவிட்டு வாசல் வாங்கில் இருந்து காத்திருக்கும் பெண்கள் அக்காவின் முகத்தைப் பார்த்து எதையாவது தெரிந்துகொள்ள முயல்வார்கள். ஒன்றும் கிடைக்காது. பிள்ளை என்றாலும் இல்லை என்றாலும் அவர் ஒரே முகத்தோடு முடிவு எழுதிய துண்டை மடித்து நீட்டுவார். "டொக்டரிட்டைக் காட்டுங்கோ." அவ்வளவுதான். அவருக்குத் தலைக்கனம் என்று சிலர் சொன்னார்கள். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு 1995 இல் எல்லாரும் இடம்பெயர்ந்து தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையைப் பகிர்ந்துகொண்டு இருந்தபோது, நடந்ததை அவரே எனக்குச் சொன்னார். பாதி எனக்கு முன்பே தெரியும். நானும் அங்கேதானே இருந்தேன். மற்றப் பாதியைத்தான் அவர் மூன்று வருடமாக வைத்திருந்தார்.

தேவகுமாரி அக்காவின் ஊர் வட்டுக்கோட்டை. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, கொழும்பில் லாப் வேலை பழகி, அங்கேயே ஒரு தனியார் லாபில் வேலை செய்தவர். எண்பத்து மூன்று கலவரத்தில் அகதிகளை ஏற்றிய கப்பலில் ஒரு பையோடு காங்கேசன்துறையில் வந்து இறங்கினார். அடுத்த வருடம் ஏர்னெஸ்ட் அண்ணையைக் கட்டினார். அவர் கணித வாத்தியார். ஆளிருக்கும் சத்தமே தெரியாத மனிதர்.

எண்பத்தாறில் அக்கா கர்ப்பமானார். பத்தாம் கிழமையில் இரத்தம் பட்டது. அது பிள்ளையாக இருக்கவில்லை. முத்துப்பிள்ளை என்று சொல்வார்கள்: கரு உருவாகாமல், அதைச் சுற்றி வளரவேண்டிய தசை மட்டும் நீர்க்கட்டி நீர்க்கட்டியாய், முந்திரிகைக் குலை போலப் பெருகிவிடும். கர்ப்பத்தில் உண்டாகிற ஹோர்மோனை அது சாதாரணப் பிள்ளையை விடப் பல மடங்கு சுரக்கும். டொக்டர் குணலட்சுமிதான் அதைத் துப்புரவாக்கினார். அதன் மிச்சம் உள்ளே தங்கிப் புற்றாக மாறக்கூடும் என்பதால் ஒரு வருடம் வரை அந்த ஹோர்மோன் முற்றாக இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அக்கா இரண்டு கிழமைக்கு ஒரு தடவை தன் சிறுநீரைத் தானே சோதித்தார். ஒரு வருடம். அதற்குப் பிறகு அவருக்குப் பிள்ளையே தங்கவில்லை. ஆலயத்தில் பெண்கள் கேட்டால், "ஆண்டவர் தரேக்கை தரட்டும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். முத்துப்பிள்ளை என்ற சொல்லை அவர் ஒருவருக்கும் சொன்னதில்லை.

இனி 1992. சண்டையில் மின்சாரம் இல்லாமல் போய் இரண்டு வருடம். மண்ணெண்ணெய் தங்கம். லாபில் இருந்த மண்ணெண்ணெய்ப் பிறிட்ஜுக்குள் இரத்தம் சோதிக்கும் மருந்துகளோடு கர்ப்பம் சோதிக்கும் மருந்துப் பெட்டி ஒன்றும் இருந்தது. செஞ்சிலுவைக் கப்பலில் எப்போதாவது வருவது. அதில் இருபத்தைந்து சோதனைக்குத்தான் மருந்து.

அந்தச் சோதனையை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கறுப்புக் கண்ணாடியில் ஒரு துளி சிறுநீர், அதன் மேல் ஒரு துளி எதிர்மருந்து, பிறகு பால்போல வெள்ளையான திரவத்தில் ஒரு துளி. குச்சியால் கலந்து, கண்ணாடியை இரண்டு நிமிடம் மெல்ல அசைக்க வேண்டும். பிள்ளை இல்லையென்றால் எதிர்மருந்து அந்தப் பாலைத் திரள வைக்கும். குருணல் குருணலாய்த் தெரியும். பிள்ளை இருந்தால், சிறுநீரில் இருக்கும் ஹோர்மோன் எதிர்மருந்தை முன்னமே பிடித்துவிடும். பால் திரளாமல் பாலாகவே கிடக்கும். திரளாத துளி என்றால் கர்ப்பம்.

எவ்வளவு ஹோர்மோன் என்று பார்க்க வேண்டுமானால் சிறுநீரில் தண்ணீர் கலந்து கலந்து சோதிக்க வேண்டும். ஒரு பிள்ளையென்றால் பத்தாம் கிழமையில் நூறு மடங்கு தண்ணீர் கலந்த பிறகு திரளத் தொடங்கிவிடும். அதற்கு மேலும் திரளாவிட்டால் நாள் கணக்குப் பிழையாயிருக்கும், அல்லது வயிற்றில் இரண்டு இருக்கும், அல்லது முத்துப்பிள்ளையாக இருக்கும். ஐந்நூறு மடங்கிலும் திரளாவிட்டால் டொக்டர்மார் முத்துப்பிள்ளையைத்தான் முதலில் நினைப்பார்கள். வயிற்றை ஸ்கான் பண்ணிப் பார்க்க அந்த மாதங்களில் எங்களுக்கு வழி இருக்கவில்லை. கொழும்புக்குப் போவதென்றால் கிளாலியில் இரவில் வள்ளம் ஏறி, நேவியின் சூட்டுக்குத் தப்பிக் கடக்க வேண்டும். இரத்தம் பட்டுக்கொண்டிருக்கும் ஒருத்தியை அந்தக் கடலில் யார் அனுப்புவது?

ஆனி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை அக்கா வேலைக்கு வந்தபோது பிறிட்ஜின் அடியில் எரியும் மண்ணெண்ணெய் விளக்கு அணைந்திருந்தது. சனி மத்தியானத்துக்குப் பிறகு எப்போது அணைந்ததென்று தெரியாது. உள்ளே கையை வைத்துப் பார்த்தால் வெளிக்காற்றின் சூடு. அவர் எண்ணெய் ஊற்றித் திரும்பக் கொளுத்தினார். டொக்டருக்குச் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பெட்டியை எறிய வேண்டி வரும். எறிந்தால் அடுத்தது எப்போது வருமென்று தெரியாது.

அந்த வெள்ளிக்கிழமை குருநகரிலிருந்து ஸ்ரெல்லா வந்தாள். வயது இருபத்தேழு. கடற்றொழிலாளி சிமியோனின் மனைவி. கலியாணம் கட்டி ஆறு வருடத்துக்குப் பிறகு முதன்முதலாக நாள் தள்ளியிருந்தது. பத்துக் கிழமை. ஓயாத சத்தி, குடித்த தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை. இரண்டு நாளாகக் கொஞ்சம் கொஞ்சம் இரத்தம் பட்டது. டொக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். பத்துக் கிழமைக்கு இருக்கவேண்டிய அளவை விடக் கருப்பை பெரிதாக இருந்தது. "தண்ணி கலந்து கடைசி மட்டும் பாரும்" என்று அக்காவுக்குத் துண்டு எழுதி அனுப்பினார்.

பத்து மடங்கு, நூறு, இருநூறு, ஐந்நூறு. நான்கும் திரளவில்லை.

ஒழுங்காகச் செய்வதென்றால், பிள்ளை இல்லையென்று தெரிந்த ஒருவரின் சிறுநீரையும் பக்கத்தில் வைத்து மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். கொன்ட்ரோல் என்று சொல்வோம். பெட்டியில் ஏழு சோதனைக்குத்தான் மருந்து மிச்சமிருந்தது. அதில் நான்கு போய்விட்டது. அக்கா கொன்ட்ரோல் போடவில்லை.

டொக்டர் துண்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "கொன்ட்ரோல் போட்டனீரோ?"

"ஓம் டொக்டர்."

மருந்து எடுக்க அந்த நேரம் உள்ளே போன நான் இதைக் கேட்டேன். எட்டு வருடம் ஒரு பிழையும் விடாத ஆள், டொக்டர் நம்பினார். நானும் நம்பினேன்.

ஸ்ரெல்லாவின் மாமி மரியநாயகி லாப் வாசலில் நின்றார். பெரிய உடம்பு, கையில் செபமாலை. அக்கா வெளியே வந்ததும் மறித்துக் கேட்டார். "பிள்ளை, சொல்லு பிள்ளை. ஆறு வரியமாப் பாத்துக்கொண்டிருக்கிறம். தங்குமோ?"

டொக்டரிடம் கேளுங்கோ என்று சொல்லியிருக்க வேண்டும். எத்தனையோ பேருக்கு அப்படிச் சொன்னவர்தான். அன்றைக்கு ஏனோ வாய் திறந்துவிட்டது. "அது பிள்ளை இல்லை அம்மா. முத்துப்பிள்ளை. உள்ளுக்கை முந்திரிகைக் குலை மாதிரி நீர்க்கட்டிதான். ஆசை வையாதேங்கோ. எடுத்துப்போட்டா ஆள் தப்பியிடும்."

"நான் ஏன் அப்படிச் சொன்னன் எண்டு நினைக்கிறாய் அருந்ததி?" என்று பிறகு என்னிடம் கேட்டார். "இரக்கத்திலை எண்டுதான் அப்ப நினைச்சனான். இல்லை. எனக்கு நடந்தது இன்னொருத்திக்கும் நடந்திருக்கு எண்டு அறிய ஒரு ஆறுதல் இருந்தது. அந்த ஆறுதல்தான் வாயைத் திறந்தது."

மரியநாயகி செபமாலையை இடுப்பில் செருகிக்கொண்டு மருமகள் இருந்த பக்கம் போனார். ஸ்ரெல்லா அழுத சத்தம் மருந்து கொடுக்கும் யன்னல் வரை கேட்டது.

துப்புரவாக்குவது திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு என்று முடிவாகியது. ஞாயிறு பின்னேரமே வந்து கட்டிலில் படுக்க வேண்டும்.

அடுத்த நாள் சனிக்கிழமை மத்தியானம் எல்லாரும் போன பிறகு அக்கா லாப் கதவைச் சாத்திக்கொண்டு தன் சிறுநீரைச் சோதித்தார். அவருக்கு வயது முப்பத்தெட்டு. பன்னிரண்டு நாள் தள்ளியிருந்தது. ஏழில் நான்கு போய் மிச்சம் மூன்று. நோயாளிக்குப் போட மனமில்லாத கொன்ட்ரோலை மிச்சப்படுத்தி, அந்த மருந்தில் ஒரு துளியைத் தனக்கு எடுத்தார். இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

துளி திரளவில்லை.

ஏழெட்டு மைல் சைக்கிளில் வட்டுக்கோட்டைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்று அவருக்கு நினைவில்லை. ஏர்னெஸ்ட் அண்ணை கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டு நின்றார். சொன்னதும் அவர் கையிலிருந்த சறத்தைப் பிழியாமல் அப்படியே கொடியில் போட்டார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், அந்தத் தட்டுப்பாட்டு நாளில் எங்கேயோ அலைந்து ஆறு முட்டையும் அரைப் போத்தல் பாலும் கொண்டுவந்தார். "தேவி, இனிமேல் நீர் சைக்கிள் ஓட வேண்டாம். நான் ஏத்திக்கொண்டு போறன்" என்றார்.

ஞாயிறு ஆராதனையில் பக்கத்தில் இருந்த கணவர் அவ்வளவு உரத்துப் பாடி அக்கா அதற்கு முன் கேட்டதில்லை.

பாட்டுக்கு நடுவேதான் அவருக்குப் பயம் வந்தது. முதற் தடவையும் இப்படித்தானே திரளாமல் கிடந்தது? இதுவும் முத்துப்பிள்ளையாக இருந்தால்? கணவரிடம் ஏதோ சாட்டுச் சொல்லி, அவர் வேண்டாமென்ற சைக்கிளிலேயே பின்னேரம் மூன்று மணிபோலத் திரும்ப லாபுக்கு வந்தார். லாப் கதவின் திறப்பு அவரிடம்தான் இருந்தது. சிறுநீரில் ஐந்நூறு மடங்கு தண்ணீர் கலந்து ஒரு துளி வைத்தார்.

திரளவில்லை.

கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நாள் தள்ளி இரண்டு கிழமைகூட ஆகவில்லை. அந்த நாட்களில் ஹோர்மோன் மிகக் கொஞ்சம்தான் இருக்கும். இரண்டு மூன்று நாளுக்கொருக்கா இரட்டிக்கும் என்பது உண்மை, ஆனால் தொடங்குவது ஒன்றுமில்லாத இடத்திலிருந்து. தண்ணீர் கலக்காத சிறுநீரிலேயே இந்தச் சோதனை அப்போதுதான் காட்டத் தொடங்கும். ஐந்நூறு மடங்கு கலந்தும் திரளவில்லை என்றால் பிள்ளையாலும் முடியாது, இரட்டையாலும் முடியாது, முத்துப்பிள்ளையாலும் அவ்வளவு கெதியில் முடியாது.

கடைசித் துளி மருந்து ஒன்று இருந்தது. அவர் வாளியிலிருந்த கிணற்றுத் தண்ணீரில் ஒரு துளி எடுத்துக் கண்ணாடியில் வைத்தார். எதிர்மருந்தை விட்டார். பாலை விட்டார். இரண்டு நிமிடம் அசைத்தார், பிறகும் அசைத்தார், ஐந்து நிமிடம் அசைத்தார்.

கிணற்றுத் தண்ணீரும் கர்ப்பமாக இருந்தது.

பிறிட்ஜ் அணைந்த அந்தச் சனி ஞாயிறிலேயே மருந்து செத்துப்போயிருக்கிறது. அதற்குப் பிறகு எதை வைத்தாலும் திரளாது. வெள்ளிக்கிழமை ஸ்ரெல்லாவின் நான்கு துளிகளும் அப்படித்தான். அவளுடைய வயிற்றில் எது இருக்கிறது என்று அந்தச் சோதனை ஒன்றும் சொல்லவில்லை. தன்னுடைய வயிற்றைப் பற்றியும் அது ஒன்றும் சொல்லவில்லைதான், ஆனால் அங்கே ஒன்றுமே இல்லை என்று அக்காவின் மனம் உடனே சொல்லிவிட்டது.

டொக்டரின் வீடு லாபிலிருந்து முப்பது அடி. யன்னல் திறந்திருந்தது. டொக்டர் றேடியோவுக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்து ஏதோ வாசித்துக்கொண்டிருந்தார். அக்கா படலை வரை போனார். போய் என்ன சொல்வது? மருந்து பழுது. எப்படித் தெரியும்? தண்ணீரைச் சோதித்தேன். ஏன் சோதித்தீர்? அதற்குப் பதில் சொல்ல வேண்டுமே. தனக்குத் தனக்கென்று மருந்தை எடுத்தது, கொன்ட்ரோல் போட்டேன் என்று பொய் சொன்னது, பிறிட்ஜை மறைத்தது எல்லாம் ஒன்றுக்குப் பின் ஒன்றாய் வெளியே வரும். அதோடு, வீட்டில் முட்டையோடு காத்திருக்கும் மனிதரிடம் போய், இல்லை என்று சொல்ல வேண்டும்.

திரும்பி நடந்தபோது வார்ட் யன்னலுக்குள்ளால் ஸ்ரெல்லாவைக் கண்டார். அவள் அப்போதே வந்து கட்டிலில் இருந்தாள். மரியநாயகி அவளுடைய தலையை வாரிப் பின்னிக்கொண்டிருந்தார். ஸ்ரெல்லா நிமிர்ந்து பார்த்தாள். அக்கா தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளை எடுத்தார்.

"காலமை எட்டு மணிக்குத்தானே எண்டு எனக்குள்ளை சொல்லிக்கொண்டன்" என்றார் என்னிடம். "ஏழு மணிக்குச் சொன்னாலும் காணும்தானே எண்டு. நான் ஒரு கணக்குப் போட்டு என்னைத் தப்ப வைச்சன்."

வீட்டுக்குப் போய் ஏர்னெஸ்ட் அண்ணையிடம் மருந்து பழுதென்று சொன்னார். அவர், "அப்ப அந்தக் குருநகர்ப் பிள்ளை?" என்று கேட்டார். வெள்ளிக்கிழமை இரவே அக்கா அவருக்கு ஸ்ரெல்லாவைப் பற்றிச் சொல்லியிருந்தார்.  தன் பிள்ளை இல்லையென்று கேட்ட அடுத்த நிமிடமே அவருக்கு இன்னொருத்தியின் ஞாபகம் வந்ததே என்பதுதான் அக்காவை உள்ளே அறுத்தது.

திங்கள் காலை ஏழுக்கு முந்தியே அக்கா வந்துவிட்டார். டொக்டர் வெள்ளை அங்கியோடு சத்திரசிகிச்சை அறைக்கு வெளியே கை கழுவிக்கொண்டு நின்றார். நான் மயக்க மருந்துப் போத்தலை எடுத்துக்கொண்டு போன நேரம்.

"டொக்டர், வெள்ளிக்கிழமை றிசல்ற் பிழை. மருந்து செத்துப்போச்சு. தண்ணியும் பொசிற்றிவ் காட்டுது."

டொக்டர் குழாயை மூடினார். "கொன்ட்ரோல் போட்டனெண்டு சொன்னீர்."

"போடேல்லை."

"எப்ப கண்டனீர்?"

"நேற்றுப் பின்னேரம்."

"நேற்று நான் வீட்டிலைதானே இருந்தனான்."

அக்கா டொக்டர் வீட்டுப் படலையைப் பார்த்தார்.

"தண்ணியை ஏன் சோதிச்சனீர்?"

அக்கா சொன்னார். பிறிட்ஜ் அணைந்ததிலிருந்து கணவர் முட்டை வாங்கி வந்தது வரை, நான் நிற்பதையும் பொருட்படுத்தாமல் நின்ற இடத்திலேயே சொன்னார். நான் போத்தலை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

டொக்டர் குணலட்சுமி அதிகம் கோபிக்கிறவர் இல்லை. அன்றைக்குக் கோபித்திருந்தால் அக்காவுக்குச் சுகமாக இருந்திருக்கும். அவர் கையைத் துவாயில் துடைத்துக்கொண்டு, "இரத்தம் பட்டது, வயிறு பெருத்தது, சத்தி. எனக்கும் முத்துப்பிள்ளை எண்டுதான் மனதிலை விழுந்தது. உம்மடை துண்டு அதுக்குத் தோதா வந்தது. நானும் பொறுக்கேல்லை" என்றார். பிறகு, "அந்தப் பிள்ளை ராத்திரியிலை இருந்து பட்டினி. போய்ச் சாப்பிடச் சொல்லும். நீரே போய்ச் சொல்லும்" என்றார்.

அக்கா வார்டுக்குப் போனார். ஸ்ரெல்லா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"எழும்பிச் சாப்பிடுங்கோ. இண்டைக்கு ஒண்டும் செய்யேல்லை."

"ஏன் மிஸ்?"

"திரும்பச் சோதிச்சுப் பாக்க வேணும்."

ஸ்ரெல்லா எழுந்து உட்கார்ந்தாள். "அப்ப, பிள்ளையாயும் இருக்குமோ?"

"தெரியாது" என்று சொல்லிவிட்டு அக்கா வெளியே வந்துவிட்டார். காரணத்தைச் சொல்லவில்லை. அன்று பின்னேரம் அவருக்கு மாதவிடாய் வந்தது.

புதுப் பெட்டி வர இரண்டு கிழமை பிடித்தது. அதுவரை ஸ்ரெல்லாவை டொக்டர் வார்டிலேயே வைத்திருந்தார். இரத்தம் நின்றது. பெட்டி வந்த அன்றைக்கு அக்கா முதலில் தண்ணீரைச் சோதித்தார், திரண்டது. என்னுடைய சிறுநீரைக் கேட்டு வாங்கிச் சோதித்தார், திரண்டது. பிறகு ஸ்ரெல்லாவுடையது. நூறு மடங்கில் திரளவில்லை. இருநூறிலும் திரளவில்லை. ஐந்நூறில் நன்றாகத் திரண்டது.

துண்டை டொக்டர் வெகுநேரம் பார்த்தார். "ஒரு பிள்ளைக்கு இது கூட. முத்துப்பிள்ளைக்கு இது குறைவு." விரலால் மேசையில் தட்டினார். "ரெண்டாயிருக்குமோ தெரியேல்லை. பொறுத்துப் பாப்பம். பிள்ளையெண்டால் இனி இறங்க வேணும்."

இரண்டு கிழமை கழித்துப் பார்த்தபோது இருநூறிலும் திரண்டது. பத்தாம் பன்னிரண்டாம் கிழமையோடு உச்சத்துக்குப் போய், பிறகு தானாக இறங்குவதுதான் பிள்ளையின் கணக்கு. முத்துப்பிள்ளை இறங்காது.

புரட்டாதியில் ஒருநாள் டொக்டர் அக்காவை வார்டுக்குக் கூப்பிட்டார். ஸ்ரெல்லாவின் வயிறு அப்போதே ஏழெட்டு மாதக்காரியின் வயிறுபோல இருந்தது. டொக்டர் பிள்ளையின் இதயத்துடிப்புக் கேட்கும் மரக்குழல் ஒன்றைத் தன் காதில் வைத்துக்கொண்டு இன்னொன்றை அக்காவிடம் நீட்டினார். "நான் இடப்பக்கம், நீர் வலப்பக்கம். ஒரே நேரத்திலை எண்ண வேணும். நேர்ஸ் மணி பாக்கட்டும்."

"நான் நேர்ஸ் இல்லையே டொக்டர்."

"எனக்குத் தெரியும். குனியும்."

அக்கா குனிந்தார். ஒரு நிமிடம் எண்ணினார்கள். டொக்டருக்கு நூற்று முப்பத்திரண்டு. அக்காவுக்கு நூற்று ஐம்பது. ஒரே இதயம் என்றால் இரண்டு கணக்கு வராது. ஸ்ரெல்லா இருவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். டொக்டர் சிரித்துக்கொண்டு இரண்டு விரலைக் காட்டினார். அக்கா குழலைக் கட்டிலில் வைத்துவிட்டு லாபுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மார்கழி நடுவில் ஆணும் பெண்ணுமாக இரண்டு பிள்ளைகள் பிறந்தன. ஆணுக்குக் கனிசியஸ், பெண்ணுக்கு மார்கிரட். இரண்டும் சின்னதுகள்தான், ஆனால் தப்பிவிட்டன.

சிமியோனுக்கு யாரோ நேர்ஸ் சொல்லியிருக்க வேண்டும், அன்றைக்கு ஒப்பிரேசனை நிற்பாட்டியது லாப் மிஸ்தான் என்று. அதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் தெரியாது. பிள்ளைகள் பிறந்த மூன்றாம் நாள் ஓலைப் பறியில் நாலு பெரிய ஒட்டி மீனோடு லாப் வாசலில் வந்து நின்றான்.

"மிஸ், நீங்கள் இல்லாட்டி என்ரை ரெண்டு பிள்ளையளும் இல்லை. டொக்டரே பிழைவிட்ட இடத்திலை நீங்கள் கண்டு பிடிச்சனீங்களாம்."

டொக்டர் பிழைவிட்டாராம். அதைக் கேட்டும் அக்கா வாய் திறக்கவில்லை. பறியை வாங்கினார். மருந்து யன்னலுக்குள்ளிருந்து நான் அவரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். அவருக்கு முகம் காது வரை சிவந்திருந்தது. அன்று முழுக்க என்னோடு கதைக்கவில்லை.

அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒருக்கா மீன் வந்தது. கடலுக்குப் போவதே ஆபத்தாக இருந்த காலம். களப்புக்குள் வீசிப் பிடித்ததில் அவன் நல்லதாய்ப் பார்த்து இங்கே கொண்டுவந்தான். குருநகரில் அக்காவைப் பற்றி நல்ல கதை பரவியது. "அந்த லாப் மிஸ்ஸிட்டையே போ" என்று பெண்கள் தேடி வந்தார்கள். ஞானஸ்நானத்துக்கு மரியநாயகியே வந்து கையைப் பிடித்து அழைத்தார். அக்கா காய்ச்சல் என்று சொல்லிப் போகவில்லை.

ஐந்து மாதம் இப்படிப் போனது. வைகாசியில் ஒருநாள் வேலை முடிந்து, வட்டுக்கோட்டைக்குத் திருப்பவேண்டிய சைக்கிளை அவர் குருநகருக்குத் திருப்பினார். சிமியோன் தொழிலுக்குப் போயிருந்தான். மரியநாயகி கோயிலில். ஸ்ரெல்லா வீட்டு வாசலில் பாய் போட்டு மார்கிரட்டுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பையன் கையைக் காலை அடித்துக்கொண்டு கிடந்தான்.

அக்கா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். தான் கண்டுபிடிக்கவில்லை, தான்தான் பிழைவிட்டது, டொக்டர் இல்லை, பொய் சொன்னது, ஞாயிறு பின்னேரமே தெரிந்தும் வார்ட் யன்னலடியால் பேசாமல் போனது.

ஸ்ரெல்லா பிள்ளையை மற்றப் பக்கம் மாற்றினாள்.

"நீங்கள் போறதைக் கண்டனான்" என்றாள். "ஞாயிறு எண்டால் லாப் இல்லையே, மிஸ் ஏன் வந்தவ எண்டு நினைச்சனான்."

"எனக்கு ஏலாமல் போச்சு ஸ்ரெல்லா."

"அண்டைக்கு ராத்திரி நான் என்ன செய்தனான் தெரியுமோ மிஸ்?" அவள் குரலை உயர்த்தவில்லை. "வயித்திலை பிள்ளை இல்லை, கட்டி எண்டு நீங்கள் மாமிக்குச் சொன்னனீங்கள். ஆறு வரியம் என்னை ஏமாத்திப்போட்டு இப்ப இப்பிடி ஒண்டு வந்து இருக்குதே எண்டு எனக்கு விசர் பிடிச்சுது. மாமி நித்திரையான பிறகு கையாலை குத்தினன். இந்த வயித்திலை. செத்துப் போ, செத்துப் போ எண்டு சொல்லிச் சொல்லிக் குத்தினன்."

மார்கிரட் பாலை விட்டுவிட்டு அழத் தொடங்கியது.

"இதை நான் பாவசங்கீர்த்தனத்திலையும் சொல்லேல்லை" என்றாள் ஸ்ரெல்லா. "இதுகளின்ரை முகத்தைப் பாக்கேக்கை எல்லாம் அந்த ராத்திரிதான் வருகுது. நீங்கள் அண்டைக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா எனக்கு அந்த ராத்திரி இல்லை."

அக்கா மண்ணில் அப்படியே இருந்துவிட்டார். மன்னிப்புக் கேட்க வந்தவர், கேட்கவில்லை. கேட்பதுகூட அவளிடம் இன்னொன்றை வாங்குவதாகப் பட்டது என்றார். ஸ்ரெல்லாவும் மன்னித்ததாகச் சொல்லவில்லை. பையன் பாயை விட்டு உருண்டபோது, "அவனை ஒருக்காத் தூக்குங்கோ, எனக்குக் கை இல்லை" என்றாள். அக்கா தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். மரியநாயகி கோயிலால் வருவது ஒழுங்கை முனையில் தெரியும் வரை அவனை இறக்கவில்லை.

"அவருக்கும் மாமிக்கும் சொல்லிப்போடாதேங்கோ" என்று மெதுவாகச் சொன்னாள் ஸ்ரெல்லா. "உங்கடையைச் சொன்னா என்ரையும் வரும்."

"டொக்டரிலை பழி கிடக்குதே."

"நான் அதை மாத்திறன். மருந்து பழுது எண்டு சொல்லுறன். அதுக்கு மேலை வேண்டாம்."

அடுத்த நாள் காலை அக்கா டொக்டரிடம் போய், இனித் தன்னால் இங்கே இருக்க முடியாது, வேறு ஆளைப் பாருங்கோ என்றார். டொக்டர் ஏறெடுத்துப் பார்க்காமல், "உம்மை விட்டா இஞ்சை ஆர் இருக்கினம்? போய் வேலையைப் பாரும்" என்றார். அது மன்னிப்பா, வேறு வழியில்லாமையா என்று அக்காவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. அதற்குப் பிறகு மருந்து ஒரு சோதனைக்குத்தான் இருக்கிறதென்றால் வந்தவரைத் திருப்பி அனுப்பிவிடுவார். கெஞ்சினாலும் அழுதாலும், கொன்ட்ரோலுக்கும் சேர்த்து இரண்டு சோதனைக்கு மருந்து இல்லாமல் கண்ணாடியைத் தொடமாட்டார். அவருக்குத் தலைக்கனம் என்று ஆட்கள் சொன்னது அந்தக் காலத்தில்தான் கூடியது.

தொண்ணூற்று நாலில் ஸ்ரெல்லாவுக்குத் திரும்ப நாள் தள்ளியது. அவள் எங்களிடம் வரவில்லை. வேறொரு லாபுக்குப் போனாள் என்று கேள்விப்பட்டோம். அக்காவிடம் சொன்னேன். "அதுதானே சரி" என்றார்.

ஆனால் சிமியோன் வருவது நிற்கவில்லை. மருந்து பழுது என்பதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் தெரியாது. மறுத்தால் ஏனென்று கேட்பான். இடப்பெயர்வு வரை, மாதத்துக்கு ஒருக்கா, அவன் பறியோடு வாசலில் நிற்பான். பிள்ளைகள் நடக்கத் தொடங்கியதை, கதைக்கத் தொடங்கியதைச் சொல்வான். அக்கா கடைசிவரை நின்று கேட்பார். மீனை வீட்டுக்குக் கொண்டுபோவார். ஏர்னெஸ்ட் அண்ணை வெட்டிக் கொடுப்பார், அக்கா குழம்பு வைப்பார், இருவரும் எதிரெதிரே இருந்து ஒரு துண்டும் மிச்சம் விடாமல் சாப்பிடுவார்கள்.